விரல் திறந்த கம்பளிக் கையுறை: ஒரு ஜோடி பின்னும் முறை

தலைக்குந்தா புல்வெளி வெள்ளையாக விடிகிற டிசம்பர், ஜனவரி மாதங்களிலும் நீலகிரியில் கைக்கு ஓய்வு கிடையாது. பால் கறக்க வேண்டும், கேரட் மூட்டை கட்ட வேண்டும், மார்க்கெட்டில் சில்லறை எண்ண வேண்டும், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்க வேண்டும். இதற்கெல்லாம் விரல் முழுக்க மூடிய கிளவுஸ் உதவாது. விரல் நுனி வெளியே இருக்க வேண்டும், உள்ளங்கையும் மணிக்கட்டும் மூடியிருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த விரல் திறந்த கையுறை.

கடையில் தொங்குகிற விரல் திறந்த கிளவுஸில் ஒரு குறை உண்டு. அது மணிக்கட்டு எலும்போடு நின்றுவிடும். கையை நீட்டியதும் ஸ்வெட்டர் கை மேலே ஏறும், இரண்டு விரல்கடை தோல் வெளியே தெரியும், காற்று நேராக அங்கே போய் உட்காரும். மணிக்கட்டில் சதையும் கொழுப்பும் குறைவு. விரலுக்குப் போகிற ரத்தக்குழாய் தோலுக்கு அருகிலேயே ஓடுகிறது. அந்த இடம் சில்லிட்டால் விரல் மரத்துப்போக நேரமாகாது. ஆகவே இந்தக் கையுறையில் பாதிக் கவனம் மணிக்கட்டுப் பட்டைக்கு. அது நீளமாகவும், கையைக் கவ்விப் பிடிப்பதாகவும் அமைந்துவிட்டால் மேலே கொஞ்சம் கோணல்மாணலாக வந்தாலும் குளிருக்குத் தாங்கும்.

வடிவம் மிகச் சுலபம். கை ஒன்றுக்கு ஒரு செவ்வகத் துண்டு பின்னி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து, கட்டைவிரலுக்கு மட்டும் நடுவில் இடைவெளி விட வேண்டும். இடது கை, வலது கை என்ற பேதம் இதில் இல்லை. இரண்டு துண்டும் ஒன்றே.

நூல்

பஜாரில் 'உல்லன்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அதில் தப்பில்லை. விலை குறைவு, துவைக்க எளிது, உடம்பில் அரிக்காது. ஆனால் அசல் கம்பளி என்ற விலைக்கு அக்ரிலிக்கை வாங்கிவிடக் கூடாது. சந்தேகமிருந்தால் ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுப்பாக, நசுக்க முடியாத கெட்டி உருண்டையாக நிற்கும். இதிலிருந்தே இன்னொன்றும் புரியும்: விறகடுப்புக்கும் கணப்புக்கும் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்காரும் வீட்டுப் பெரியவர்களுக்கு அக்ரிலிக் கையுறை வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

கம்பளிக்கு இந்த மலையில் இன்னொரு பலமும் உண்டு. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. மஞ்சு இறங்கும் நாளில் இது பெரிய சௌகரியம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் சாண்டிநல்லாவில் ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீலகிரி ஆடு என்றே ஓர் இனமும் இருக்கிறது. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரிலும் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் உண்டு. இருந்தும் கடைத்தெருவில் பின்னல் நூல் உருண்டையாகக் கிடைப்பது அநேகமாக லூதியானா பக்கத்துச் சரக்குதான். முதல் ஜோடிக்குக் கம்பளி, அக்ரிலிக் கலந்த நூல் நல்ல தேர்வு. அது கிடைக்காவிட்டால் அக்ரிலிக்கிலேயே தொடங்கலாம்.

பருமன்தான் முக்கியம். நூல் சீட்டில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்க வேண்டும், 50 கிராமுக்கு 100 முதல் 120 மீட்டர் இருக்க வேண்டும். 'நாலு பிளை' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். நாலு இழை முறுக்கியது என்பதைத்தான் அது சொல்கிறது, இழை எவ்வளவு தடிமன் என்பதை அல்ல. சீட்டே இல்லாத உதிரி உருண்டை என்றால் அளவுகோலில் நெருக்கமாக, இழுக்காமல் சுற்றிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குள் 12 சுற்று வாக்கில் வந்தால் சரியான பருமன். ஒரு ஜோடிக்கு 40 கிராம் வரை ஆகும். 50 கிராம் வாங்கினால் மிச்சம் ஒட்டுப்போட உதவும். இரண்டு உருண்டையாக வாங்க நேர்ந்தால் சீட்டில் லாட் நம்பர் ஒன்றுதானா என்று பாருங்கள். நம்பர் மாறினால் கடை விளக்கில் ஒரே நிறமாகத் தெரிவது வெளிச்சத்துக்கு வந்ததும் இரண்டு நிறமாகிவிடும்.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் அழுக்குத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் மஞ்சு மூடிய மதியத்தில் அந்த நிறத்தில் கண்ணியை, அதாவது பின்னலின் ஒவ்வொரு வளையத்தை, எண்ண முயன்றால் கண் வலிக்கும். பஞ்சுபோல் முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் முதல் தடவைக்கு ஆகாது. தப்பைப் பிரிக்கப் போனால் முடிக்கு முடி பின்னிக்கொண்டு வராது.

ஊசியும் மற்றதும்

8-ஆம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, 10-ஆம் நம்பர் ஊசி ஒரு ஜோடி. நம் கடைகளில் ஓடுவது பழைய பிரிட்டிஷ் கணக்கு: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க வீடியோக்களில் கணக்கு நேர்தலைகீழ். அங்கே 8 என்றால் 5 மி.மீ. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள்தான் தொளதொளவென்று பின்னிக்கொண்டு வருகிறார்கள். நம்பரை விட்டு மி.மீ. அளவைச் சொல்லிக் கேட்பது பத்திரம். சைக்கிள் ஸ்போக்கைத் தேய்த்து ஊசியாக்கிப் பழகியவர்களும் உண்டு. ஸ்போக் 2 மி.மீ. அளவுதான் இருக்கும், இந்த நூலுக்குக் கம்பளத் தடுக்குப்போல் விறைப்பாக வந்துவிடும்.

அலுமினிய ஊசி குளிர்காலக் காலையில் ஐஸ் குச்சி மாதிரி இருக்கும், புதியவர் கையில் கண்ணி வழுக்கியும் ஓடும். மூங்கில் ஊசி கிடைத்தால் அதை எடுங்கள். இதோடு ஒரு மொட்டை முனைத் தையல் ஊசி, நுனியில் கொக்கி உள்ள 3 மி.மீ. குரோஷா ஊசி, டேப், கத்தரிக்கோல், வேறு நிறத்தில் நாலைந்து துண்டு நூல். துண்டு நூல் அடையாளம் கட்டுவதற்கு.

அளவும் மாதிரித் துண்டும்

கட்டைவிரலை விட்டுவிட்டு, நாலு விரலின் அடிக்கணுவைச் சுற்றி டேப்பை வைத்து உள்ளங்கைச் சுற்றளவு எடுங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 18 அல்லது 19 செ.மீ. வரும். பின்னல் துணி நீண்டு கொடுக்கும் என்பதால் கையின் அளவிலேயே பின்னினால் தொங்கும். பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்ன வேண்டும்.

இந்த நூலுக்கு 8-ஆம் நம்பர் ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரி வர வேண்டும். அதாவது செ.மீட்டருக்கு 2.2 கண்ணி. 19 செ.மீ. கைக்கு: 19-இல் பத்தில் ஒன்று போக 17.1. அதை 2.2-ஆல் பெருக்கினால் 37.6. தையலுக்கு இரண்டு சேர்த்தால் 39.6. மணிக்கட்டுப் பட்டையின் கோடுகள் தையலில் பிசகாமல் சேர, மொத்த எண்ணை நாலால் வகுத்தால் மீதி 2 வர வேண்டும். 39.6-க்கு அருகில் அப்படி இருக்கும் எண் 38. கீழே வரும் முறை முழுவதும் 38 கண்ணிக்குத்தான். 16 செ.மீ. பிள்ளைக் கைக்கு 34, 20 முதல் 21 வரைக்கும் 42, 22 செ.மீட்டருக்கு மேலே உள்ள ஆண் கைக்கு 46.

மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காமல் இறங்காதீர்கள். 26 கண்ணி போட்டு, கீழே உள்ளங்கைக்குச் சொல்லியிருக்கும் பின்னலில் 32 வரி பின்னி, ஊசியிலிருந்து எடுத்து, தரையில் இழுக்காமல் விரித்து, நடுவில் 10 செ.மீட்டருக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 24 வந்தால் உங்கள் கை இறுக்கம். 22-இல் 16.4 செ.மீ. வர வேண்டிய கையுறை 15 செ.மீட்டராகச் சுருங்கிவிடும், போட்டால் கை கழற்ற வராது. 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 20 வந்தால் கை தளர்வு, 3.75 மி.மீ. எடுங்கள். இன்னொன்று: விடிகாலையில் விரல் விறைத்திருக்கும்போது எல்லாருமே இழுத்துப் பின்னுவார்கள், மத்தியான வெயிலில் கை தானாகத் தளரும். மாதிரியை எந்த வேளையில் பின்னினீர்களோ, கையுறையையும் அதே வேளையில் பின்னுவது நல்லது.

மணிக்கட்டுப் பட்டை

கண்ணி ஏற்றும்போது மட்டும் தடித்த ஊசியை, 8-ஆம் நம்பரை, எடுங்கள். நூல் நுனியிலிருந்து 1 மீட்டர் வால் விட்டுச் சுருக்கு முடிச்சுப் போடுங்கள். 38 கண்ணிக்கு 60 செ.மீ. வரை செலவாகும், மிச்ச வாலில் பிறகு தைத்துக்கொள்ளலாம். வாலை இடது கட்டைவிரலிலும் உருண்டை நூலை ஆள்காட்டி விரலிலும் மாட்டி, இரண்டையும் உள்ளங்கையில் மற்ற விரல்களால் பிடியுங்கள். ஊசி முனையைக் கட்டைவிரல் வளையத்துக்குள் கீழிருந்து நுழைத்து, ஆள்காட்டி விரல் நூலை வாரி, வந்த வழியே வளையத்துக்குள் எடுத்து, கட்டைவிரலை விடுவித்து மெதுவாக இறுக்குங்கள். ஒரு கண்ணி ஆயிற்று. சுருக்கு முடிச்சும் ஒரு கண்ணிதான், அதைச் சேர்த்து 38. கண்ணி ஊசியில் தள்ளினால் நகர வேண்டும், அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

இனி 10-ஆம் நம்பர் ஊசி. நேர்ப் பின்னலை ப்ளெயின் என்றும் எதிர்ப் பின்னலை பர்ல் என்றும்தான் எல்லாரும் சொல்கிறார்கள், அப்படியே வைத்துக்கொள்வோம். ப்ளெயினுக்கு நூல் ஊசிக்குப் பின்னால், பர்லுக்கு முன்னால்.

முதல் வரி: 2 ப்ளெயின், பிறகு 2 பர்ல், 2 ப்ளெயின் என்று கடைசி வரை. முடிவில் 2 ப்ளெயின் வர வேண்டும்.

இரண்டாம் வரி: 2 பர்ல், பிறகு 2 ப்ளெயின், 2 பர்ல் என்று கடைசி வரை.

இந்த இரண்டையும் மாற்றி மாற்றி மொத்தம் 20 வரி. உயரம் 6 செ.மீட்டருக்குச் சற்று மேலே வரும். அதில் பாதிக்கு மேல் ஸ்வெட்டர் கைக்குள் போய்விடும், அதுதான் நமக்கு வேண்டியது. காற்று அதிகம் அடிக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு 28 வரியாக்கலாம், அப்போது கீழே வரும் வரி எண்களோடு 8 கூட்டிக்கொள்ளுங்கள். குறைக்க மட்டும் செய்யாதீர்கள்.

எந்த வரியில் இருக்கிறோம் என்று குழம்பினால் கண்ணியைப் பாருங்கள். உங்கள் பக்கம் இரண்டு கால் கீழே கூடி நெற்கதிர் மாதிரி தெரிந்தால் ப்ளெயின் போடுங்கள். அடியில் குறுக்கே ஒரு சின்ன வரப்புத் தெரிந்தால் பர்ல் போடுங்கள். இதைப் படித்துப் பழகிவிட்டால் பட்டை முழுவதும் எண்ணவே வேண்டாம்.

இரண்டும் இரண்டுமாகப் பின்னுவதற்குக் காரணம் இருக்கிறது. ப்ளெயின் கோடு முன்னால் துருத்தும், பர்ல் கோடு உள்ளே பதுங்கும், துணி மடிப்பு விசிறிபோல் தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும். கை நுழையும்போது விரிந்து கொடுத்துப் பிறகு கவ்வும். மெலிந்த ஊசியில் பின்னுவதால் பிடி இன்னும் கூடும். இரண்டு அளவிலும் ஊசி வாங்க மனமில்லாமல் முழுவதையும் 8-ஆம் நம்பரில் பின்னினால் பத்துத் தடவை போட்டுக் கழற்றுவதற்குள் பட்டை வாய் பிளந்துவிடும்.

உள்ளங்கை

21-ஆம் வரியிலிருந்து 8-ஆம் நம்பர் ஊசி. இதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், வலது கையில் தடித்த ஊசியைப் பிடித்து அந்த வரியைப் பின்னினால் கண்ணியெல்லாம் அதற்கு வந்துவிடும். ஒற்றைப்படை வரி முழுவதும் ப்ளெயின், இரட்டைப்படை வரி முழுவதும் பர்ல். 32-ஆம் வரி முடிந்ததும் இரண்டு ஓரத்திலும் வேறு நிற நூலால் அடையாளம் கட்டுங்கள். கட்டைவிரல் வாசல் இங்கே தொடங்குகிறது.

33 முதல் 44 வரை அதேபோல்தான், ஒரு சின்ன மாற்றத்தோடு. பர்ல் வரிகளில் முதல் 2 கண்ணியும் கடைசி 2 கண்ணியும் ப்ளெயின். இதைச் செய்யாமல் விட்டால் வாசல் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு கட்டைவிரல் அடியில் கயிறுபோல் உறுத்தும். 44 முடிந்ததும் மறுபடி இரண்டு ஓரத்திலும் அடையாளம். 45 முதல் 48 வரை பழையபடி.

49-இல் 10-ஆம் நம்பர் ஊசிக்குத் திரும்பி, பட்டைக்குப் பின்னியதுபோலவே 2 ப்ளெயின், 2 பர்ல் கணக்கில் 6 வரி. ஆக 54 வரி, உயரம் 18 செ.மீ. வாக்கில்.

கண்ணி அடைப்பதற்கு மறுபடி 8-ஆம் நம்பர் ஊசியை வலது கையில் எடுங்கள். ப்ளெயின் வரும் இடத்தில் ப்ளெயின், பர்ல் வரும் இடத்தில் பர்ல் என்று இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் தலைக்கு மேல் தூக்கி இறக்கிவிடுங்கள். இன்னொன்று பின்னி மறுபடி தூக்கி இறக்குங்கள். கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அடைக்கும்போது இறுக்கி இழுப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. பார்க்க ஓரம் நறுக்கென்று அழகாக இருக்கும், விரல்கணு மட்டும் உள்ளே போகாது. அடைத்த ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். கீழே இருக்கும் துணி விரிகிற அளவுக்கு விரியாவிட்டால் இப்போதே பிரித்துத் தளர்வாக அடையுங்கள்.

ஒரு கைக்கு 54 வரி, 38 கண்ணி என்றால் 2,052 கண்ணி. கை பழகியவருக்கு இரண்டு மணி நேர வேலை, புதியவருக்கு அதைப்போல் மூன்று மடங்கு. ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பத்து நாள் கழித்துத் தொடங்கினால் இரண்டும் ஒரே அளவில் வருவது சந்தேகம், கை இறுக்கம் மாறிப்போயிருக்கும். நீள ஊசி இருந்தால் இரண்டு உருண்டை வைத்துக்கொண்டு இரண்டு துண்டையும் ஒரே ஊசியில் பக்கம் பக்கமாகப் பின்னலாம். வரிக் கணக்கும் பிசகாது, 'இன்னொன்று பின்னணுமே' என்ற சலிப்பும் வராது.

எங்கே பிசகும்

38 கண்ணி 39, 40 என்று தானாகக் கூடுகிறதா? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ப்ளெயினிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் கொண்டுவர வேண்டும். ஊசிக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்தால் அந்தச் சுற்று அடுத்த வரியில் ஒரு கண்ணியாக உட்கார்ந்துகொள்ளும், கீழே ஓட்டையும் விழும். வரி தொடக்கத்திலேயே கூடுகிறது என்றால் வேறு காரணம். நூலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்ததால் முதல் கண்ணியின் இரண்டு காலும் ஊசிக்கு மேலே ஏறி இரண்டு கண்ணிபோல் தெரிகிறது, நீங்கள் இரண்டையும் பின்னிவிடுகிறீர்கள். தொடங்கும்போது நூலைக் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள், ஒன்றாகிவிடும். நாலு வரிக்கு ஒரு தடவை எண்ணினால் பிரிக்க வேண்டியது நாலு வரிதான்.

கண்ணி நழுவி ஏணிப்படி மாதிரி கீழே இறங்கிவிட்டால் பதற வேண்டாம், பக்கத்துக் கண்ணிகளை இழுக்கவும் வேண்டாம். ப்ளெயின் முகம் உங்களைப் பார்க்கத் திருப்பி, கீழே தனியாக நிற்கும் வளையத்துக்குள் குரோஷா ஊசியை முன்னாலிருந்து விட்டு, அதற்கு நேர் மேலே குறுக்கே ஓடும் இழையைக் கொக்கியில் மாட்டி வளையத்துக்குள் இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. எத்தனை படி இறங்கியதோ அத்தனை தடவை இதே வேலை. ஒரு படியை விட்டுவிட்டால் பின்பக்கம் ஓர் இழை தளர்ந்து தொங்கும். மோதிரம் மாட்டி இழுத்துவிடும்.

குக்கர் விசில் அடித்தது என்று வரி நடுவே வைத்துவிட்டுப் போனால் திரும்பி வந்து திசை மாறித் தொடங்குகிறவர்கள் அதிகம். ஒரு பக்கம் இரண்டு வரி உயர்ந்து, நடுவில் ஓட்டை விழும். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசி வலது கைக்கு. முடிந்தவரை வரியை முடித்துவிட்டே எழுந்திருங்கள்.

தைப்பது

இரண்டு துண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் டவலில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். ஓரம் நேராகும், தைக்கச் சுலபம். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், ஆவியும் காட்டாதீர்கள். சூட்டில் துவண்டுபோன நூல் திரும்பச் சுருங்காது, பட்டையின் பிடி போய்விடும்.

துண்டை நல்ல பக்கம், அதாவது உள்ளங்கைப் பகுதியின் ப்ளெயின் முகம், மேலே இருக்க, இரண்டு ஓரமும் பக்கம் பக்கமாகச் சேரும்படி வையுங்கள். கண்ணி ஏற்றியபோது விட்ட வாலை மொட்டை ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். ஓரக் கண்ணியையும் அதற்கடுத்த கண்ணியையும் விரலால் மெல்ல விலக்கினால் நடுவே ஏணிப்படிபோல் குறுக்கு இழைகள் தெரியும். இந்தப் பக்கம் ஓர் இழைக்கு அடியில் ஊசியை விடுங்கள், பிறகு எதிர்ப்பக்கம் அதே உயரத்தில் ஓர் இழை. இப்படி ஐந்தாறு படி ஏறியதும் நூலை மெதுவாக இழுத்தால் இரண்டு ஓரமும் ஜிப்பு மூடுவதுபோல் ஒட்டிக்கொள்ளும், தையல் எங்கே என்றே தெரியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கண்ணி உள்ளே மறைய, மிஞ்சும் ஒவ்வொரு ப்ளெயினும் சேர்ந்து 2 ப்ளெயின் கோடாகும். மீதி 2 என்று முன்னால் கணக்குப் பார்த்தது இதற்காகத்தான்.

முதல் அடையாளம் வரை, அதாவது 32 வரி, தைத்து நிறுத்துங்கள். அந்த இடத்தில் இரண்டு தடவை போட்டு உறுதி செய்யுங்கள். கட்டைவிரல் அசையும்போதெல்லாம் இழுபடும் இடம் அது. பிறகு மேல் ஓரத்து வாலைக் கோத்து மேலிருந்து இரண்டாம் அடையாளம் வரை இறங்கித் தையுங்கள். நடுவில் 4 செ.மீட்டருக்குச் சற்று மேலே வாசல் மிஞ்சும். தைத்து முடிப்பதற்கு முன் ஒரு தடவை கையில் மாட்டிப் பாருங்கள். வாசல் கட்டைவிரல் அடிக்குக் கீழே போய்விட்டால் ஒன்றிரண்டு வரி கூடத் தைக்கலாம்.

நுனிகளை முடிச்சுப் போடாதீர்கள். உள்ளங்கையில் முடிச்சு இருந்தால் வாளிப் பிடியைத் தூக்கும்போது பரல் மிதித்த மாதிரி குத்தும். உள்பக்கமாக 5 செ.மீ. கோத்து, திரும்பி எதிர்த்திசையில் 2 செ.மீ. கோத்து வெட்டுங்கள். அக்ரிலிக் வழுக்கும், திருப்பிக் கோக்காவிட்டால் நாலு துவைப்பில் வெளியே தலை நீட்டும்.

கட்டைவிரலுக்கும் சின்னக் குழாய் வேண்டும் என்பவர்கள் இரண்டு முனையும் கூரான 10-ஆம் நம்பர் ஊசி செட் எடுத்து, வாசல் ஓரத்தில் ஒவ்வொரு பக்கமும் 9, இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று என 20 கண்ணி எடுத்து, 2 ப்ளெயின் 2 பர்லாக 5 சுற்றுப் பின்னித் தளர்வாக அடைக்கலாம். மூலைக் கண்ணியை எடுக்காமல் விட்டால் அங்கே ஓட்டை நிற்கும்.

கோடு போட ஆசையிருந்தால் பட்டையின் 7, 8-ஆம் வரியைச் சிவப்பிலும் 11, 12-ஆம் வரியைக் கறுப்பிலும் பின்னலாம். நிறம் மாற்றும் வரியின் பர்ல் கண்ணிகளில் பழைய நிறம் புள்ளிப் புள்ளியாக எட்டிப் பார்க்கும். அது தப்பல்ல, 2 ப்ளெயின், 2 பர்ல் பின்னலில் அப்படித்தான் வரும். அதைத் 'தோடர் டிசைன்' என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம். தோடர் பூத்தையல் நெய்த வெள்ளைப் பருத்தித் துணியில் இழை எண்ணிப் போடுவது, 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. இழுத்தால் நீளும் பின்னல் துணியில் அந்தக் கணக்கு நிற்காது.

போடுவதும் துவைப்பதும்

பின்னல் துணி குளிரைத் தாங்கும், காற்றைத் தடுக்காது. கல்லட்டி இறக்கத்தில் பைக்கில் போகிறவர் இதை மட்டும் போட்டுக்கொண்டு போனால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தெரிந்துவிடும். மேலே காற்றுப் புகாத கிளவுஸ் வேண்டும். தேயிலை கவாத்து மெஷின், தீவனம் வெட்டும் மெஷின் என்று சுற்றுகிற எதற்குப் பக்கத்திலும் இதைக் கழற்றிவிடுங்கள். ஓர் இழை மாட்டினால் கையையே இழுக்கும்.

துவைக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் அருமையானது, இல்லையென்றால் கொஞ்சம் ஷாம்பு போதும். அசல் கம்பளியைக் கொதிநீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, அட்டைபோல் தடித்து, பொம்மைக் கையுறையாகிவிடும். திரும்ப வராது. ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் நீண்டுவிடும், தட்டையாகவே காய வேண்டும். ஜூன், ஜூலை மழையில் இரண்டு மூன்று நாள் ஆகும். அரைகுறை ஈரத்தில் பெட்டியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். பூச்சி அரிப்பதும் வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தைத்தான் முதலில் தேடும். ஆகவே சீசன் முடிந்ததும் துவைக்காமல் எடுத்து வைக்காதீர்கள்.

முதலில் தேய்வது கட்டைவிரல் வாசலின் அடிமுனை. மிச்சமான 10 கிராம் நூலை லாட் நம்பர் சீட்டோடு அதே பையில் போட்டு வையுங்கள். இழை மெலிந்து உள்ளே தோல் தெரியத் தொடங்கும்போதே, அறுந்து ஓட்டையாவதற்கு முன், அந்த நூலை மொட்டை ஊசியில் கோத்துப் பழைய கண்ணி போகும் வழியிலேயே அதன்மேல் இன்னொரு இழை ஓட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை. அறுந்த பிறகு என்றால் தையலைப் பிரித்து, கண்ணியைப் பொறுக்கி, ஒரு சாயங்காலமே போய்விடும்.